கதவு சாத்திய ஐம்பது நிமிஷம்

மனசாட்சியைத் தொட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் தொழிலில் இருக்கிற அத்தனை பேரையும் திறமைப்படி வரிசையாக நிற்க வைத்தால், நீங்கள் முன் பாதியில் நிற்பீர்களா, பின் பாதியிலா?

முன் பாதி என்றுதானே சொன்னீர்கள்? தெரியும். என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களில் பின் பாதி என்று ஒன்று கிடையவே கிடையாது!

அமெரிக்காவில் ஸ்டீவன் வால்ஃபிஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் மனநலத் துறையில் இருக்கும் 129 பேரிடம் இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டு, 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், சோஷியல் ஒர்க்கர், குடும்ப ஆலோசகர் எல்லாரும் அதில் உண்டு. நாலு பேரில் ஒருவர், 'நான் முதல் பத்து சதவீதத்தில் இருக்கிறேன்' என்றார். 'நான் சராசரிக்குக் கீழே' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்? பூஜ்யம். பேச்சுக்குக்கூட ஒருத்தர் இல்லை!

பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரைத் தத்தித் தத்தித் தாண்டிய எனக்கே இது இடிக்கிறது. எல்லாரும் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் கடைசி பெஞ்சில் யார்?

படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால், அப்படிச் சொன்னவருக்கு எதிர் நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருப்பது பத்து வயசுப் பிள்ளை என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

*

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பையன் இல்லை, உதாரணப் பையன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க பயம். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டான். கடையில் ஐஸ்கிரீம் வேண்டும் என்று கேட்க மாட்டான். திங்கட்கிழமை காலை என்றால் வயிற்றுவலி. ஸ்கூல் மட்டம் கூடிக்கொண்டே போகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிற சமூக மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போகிறாள். வாரம் ஒரு தரம், ஐம்பது நிமிஷம். கதவு சாத்தப்படுகிறது. அம்மா வெளியே பழைய பத்திரிகை புரட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

இந்தப் பயத்துக்கு நிரூபணமான சிகிச்சை இருக்கிறது. அதே ஊர் டெம்பிள் யூனிவர்சிட்டியில் (பெயர்தான் டெம்பிள், பிரசாதம் கிடையாது) ஃபிலிப் கெண்டல் என்கிற பேராசிரியர் 'கோப்பிங் கேட்' என்று ஒரு திட்டம் தயாரித்தார். சமாளிக்கும் பூனை என்று அர்த்தம். 16 சந்திப்பு. முதல் பாதியில், பயம் வரும்போது உடம்பு என்ன செய்கிறது, மனசு என்ன கதை கட்டுகிறது, எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தருகிறார்கள்.

இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. பயப்படுகிற சமாசாரத்தைப் படிப்படியாக நேரில் சந்திக்க வைப்பது. முதலில் கிளினிக் வரவேற்பறையில் இருக்கும் அம்மாவிடம் போய் மணி கேட்டுவிட்டு வா. அடுத்து கடைக்குப் போய் நீயே ஐஸ்கிரீம் வாங்கு. அடுத்து மூணு பேர் முன்னால் ஒரு பக்கம் வாசி. கை நடுங்கும், முகம் சிவக்கும், ஆனால் உலகம் இடிந்து விழாது. அது விழவில்லை என்று பையன் கண்ணால் பார்ப்பதுதான் மருந்து.

வேலை செய்கிறதா? 2008-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், பயம், பதற்றம் உள்ள 488 பிள்ளைகளை, 7 முதல் 17 வயசு வரை, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி பிரித்தார்கள். இந்த வகை தெரபி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மருந்து மட்டும் என்றால் 55. இரண்டும் சேர்ந்தால் 81. மருந்து இல்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களில் 24. இந்த எண்களைப் பார்த்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் தலையாட்டுவான்.

இப்போது நம்ம பையனின் அறைக்குள் எட்டிப் பார்ப்போம். தெரபிஸ்ட் நல்லவர், பொறுமைசாலி. பையனோடு சீட்டு விளையாடுகிறார். பாஸ்கெட்பால் பற்றிப் பேசுகிறார். மூச்சை இழுத்து விடச் சொல்லித் தருகிறார். பயத்தைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுகிறார். ஆனால் வரவேற்பறை அம்மாவிடம் மணி கேட்க அனுப்பவில்லை. பாவம், பிள்ளை அழுதுவிடுவானே! சாயங்காலம் ஃபைலில் 'காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

நாலு மாசம் போகிறது. திங்கட்கிழமை வயிற்றுவலி அப்படியே இருக்கிறது. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வருகிறார்கள்: 'இந்தப் பையனுக்கு தெரபி கேட்கலை.'

தெரபி கேட்கவில்லையா, கொடுக்கவே இல்லையா? காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், சரக்கு போய்ச் சேர்ந்ததா என்றே பார்க்காமல் வாராக்கடன் என்று எழுதித் தள்ளுகிறார்கள். தள்ளப்படுவது ஒரு பிள்ளை.

*

இது கற்பனைப் பையனின் பிரச்னை மட்டும் இல்லை. வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் என்று ஒரு ராணுவ முகாம். அங்கே ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1990-களின் ஆரம்பத்தில் 8 கோடி டாலர் செலவில் பிரமாதமான மனநல ஏற்பாடு ஒன்று செய்தார்கள். காத்திருக்க வேண்டாம், விதவிதமான சேவை, கவனிக்க ஒரு ஆள், எல்லாம் தாராளம். லெனார்ட் பிக்மன் என்கிற ஆராய்ச்சியாளர், பழைய பாணியில் நடந்த வேறு இரண்டு முகாம்களோடு ஒப்பிட்டு 1996-ல் முடிவு சொன்னார். பிள்ளைகளுக்கு நிறைய சேவை கிடைத்தது, பெற்றோர்களுக்குத் திருப்தி, செலவு அதிகம். பிள்ளைகள் தேறினதில் மட்டும் வித்தியாசம் இல்லை!

அப்போது ஜான் வைஸ் என்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கேள்வி இருந்தது. அதிகம் கொடுத்தீர்கள் சரி, எதை அதிகம் கொடுத்தீர்கள்? எத்தனை மணி நேரம், எத்தனை டாலர் என்பதற்குக் கணக்கு இருந்தது. கதவுக்கு உள்ளே நடந்தது நிரூபணமான சிகிச்சையா, வெறும் அன்பான பேச்சா என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு மார்ச் 31 ராத்திரி ஒரு கம்பெனியின் கோடவுனில் சரக்கு எண்ணப் போனோம். ஸ்டோர் கீப்பர் தங்கமான மனுஷர். நெற்றி நிறைய விபூதி. "எதுக்கு தம்பி தூசியில நிக்கறீங்க? 400 பண்டல். நானே என் கையால எழுதினது" என்று லெட்ஜரை நீட்டினார். எண்ணினோம். 312. அந்த மனுஷர் ஒரு பண்டல்கூட வீட்டுக்கு எடுத்துப் போகிறவர் இல்லை. பகல் பூரா லாரியோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். வந்தது, வர வேண்டியது, பாதி வந்தது எல்லாம் ஒரே வரவில் போய்விட்டது. எங்கள் சீனியர் சொன்னார்: "லெட்ஜர் பொய் சொல்லலைடா. ஆசைப்பட்டிருக்கு."

தெரபிஸ்ட்டுகளின் கணக்கிலும் இந்த ஆசை புகுந்துவிடுகிறது.

*

அந்தக் கணக்கை எப்படித்தான் எடுப்பது? பல வழி பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி, தெரபிஸ்ட்டையே கேட்பது. ஒரு பாரம். 'எந்தெந்த முறையைக் கையாண்டீர்கள்? டிக் அடிக்கவும்.' ஹவாய் மாநிலத்தில் பிள்ளைகளின் மனநல சேவை சரியில்லை என்று வழக்கு நடந்து, 1994-ல் கோர்ட் மூலம் ஒப்பந்தம் ஆயிற்று. அதைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தத்தில், தெரபிஸ்ட் மாசாமாசம் இந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரச்னையைக் குறிவைத்தோம், என்ன முறை பயன்படுத்தினோம், எவ்வளவு முன்னேற்றம் என்று எழுதித் தரும் வழக்கம் வந்தது. செலவு கம்மி. மாநிலம் முழுக்க ஒரே பாரம். ஒன்றுமே தெரியாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் எழுதுவது ஸ்டோர் கீப்பர்தான்.

இரண்டாவது வழி, வாடிக்கையாளரைக் கேட்பது. சட்டச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகளுக்காக ஸ்காட் ஹெங்கலர் குழுவினர் உருவாக்கிய 'மல்ட்டி சிஸ்டமிக் தெரபி'யில் இதுதான் வழக்கம். மாசத்துக்கு ஒரு தரம் பிள்ளையின் வீட்டாரிடமே கேட்கிறார்கள். போன வாரம் சொன்னதைச் செய்தீர்களா என்று தெரபிஸ்ட் விசாரித்தாரா? குடும்பத்தின் பலம் என்ன என்று பார்த்தாரா? இப்படி 28 கேள்வி. 1997-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், முறைப்படி சிகிச்சை நடந்த குடும்பங்களில் பலன் நன்றாக இருந்தது. ஏனோதானோ என்று நடந்த இடத்தில் அந்த அளவு இல்லை. ஆக, அளப்பது வெறும் ஆபீஸ் சம்பிரதாயம் இல்லை. அளவு குறைந்தால் பிள்ளைக்கு நஷ்டம்.

மூன்றாவது வழி, கேமரா. அனுமதி வாங்கி, அறைக்குள் நடப்பதைப் படம் எடுத்து, பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவது. கோடவுனுக்குள் இறங்கி எண்ணுகிற வேலை. சான் டியாகோவில் ஆன் கார்லண்ட் குழுவினர் இதைச் செய்து 2010-ல் வெளியிட்டார்கள். முரட்டுத்தனம், அடம் என்று வந்த 4 முதல் 13 வயசு வரையிலான 191 பிள்ளைகள், 96 தெரபிஸ்ட்டுகள், 1,215 சந்திப்புகள்! என் வீட்டில் ஒரு கல்யாண வீடியோவை முழுசாகப் பார்க்கவே ஆள் இல்லை.

என்ன தெரிந்தது? தெரபிஸ்ட்டுகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஏகப்பட்ட முறைகளைத் தொட்டார்கள். ஆனால் எதிலும் ஆழமாக இறங்கவில்லை. பதினெட்டு வகைக் கறியும் இலையில் உண்டு, எல்லாம் தொட்டுக்கொள்கிற அளவு. முக்கியமாக, வீட்டுப்பாடம் கொடுத்து அடுத்த வாரம் விசாரிப்பது, நடித்துப் பார்த்துப் பழகுவது போன்றவை ரொம்பக் குறைவு. அதே தெரபிஸ்ட்டுகளிடம் 'என்ன செய்தீர்கள்?' என்று தனியாகவும் கேட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு, வீடியோ பார்த்தவர்கள் சொன்ன கணக்கைவிடத் தாராளமாக இருந்தது.

*

'அப்படியானால் எல்லா கிளினிக்கிலும் கேமரா மாட்ட வேண்டியதுதானே?' என்பீர்கள். மாட்டலாம். பார்ப்பது யார்? ஒரு மணி நேரப் பதிவைப் பார்க்க ஒரு மணி நேரம். பார்க்கிறவருக்குப் பயிற்சி, சம்பளம். ஒவ்வொரு குடும்பத்திடமும் அனுமதி. ஒரு நகரம் பூராவும் இதைச் செய்தால், சிகிச்சைக்கு வைத்த பணம் படம் பார்க்கவே போய்விடும்.

பென்சில்வேனியா யூனிவர்சிட்டியைச் சேர்ந்த எமிலி பெக்கர்-ஹெய்ம்ஸ், ரினாட் பீடாஸ் குழுவினர் இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மலிவான வழிகளில் எது உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது என்று பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். 27 சமூக கிளினிக்குகளைச் சேர்ந்த 126 தெரபிஸ்ட்டுகள், குலுக்கல் முறையில் மூன்று கோஷ்டி. முதல் கோஷ்டி பாரத்தில் டிக் அடித்தது. இரண்டாவது கோஷ்டி, பிள்ளையின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்ற பேட்டிக்குப் பதில் சொன்னது. மூன்றாவது கோஷ்டியிடம், 'வாயால் சொல்லாதீர்கள். அன்றைக்குப் பிள்ளையிடம் செய்ததை அப்படியே நடித்துக் காட்டுங்கள்' என்றார்கள். எதிரே பிள்ளைக்குப் பதில் பயிற்சி பெற்ற ஒரு ஆள். எல்லாருடைய நிஜ சந்திப்பும் ஒலிப்பதிவாகத் தனியே இருந்தது. அதுதான் உரைகல்.

2022-ல் முடிவு வந்தது. டிக் அடித்தவர்களும் பேட்டி கொடுத்தவர்களும் ஒலிப்பதிவில் இருந்ததைவிட அதிகம் செய்ததாகச் சொன்னார்கள். நடித்துக் காட்டியவர்கள்தான் பதிவுக்கு மிக அருகில் வந்தார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "உங்களுக்கு சமைக்கத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டால் "ஓ, பேஷா!" என்பேன். "இந்தாங்க கரண்டி" என்று நீட்டினால் உண்மை வெளியே வந்துவிடும். ஒரே ஒரு ஆராய்ச்சியை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் கால் மணி நேரத்தில் பேசிக் கண்டுபிடிக்க முடியாததைக் கால் மணி நேரம் நடிக்க வைத்து நெருங்க முடிகிறது என்பது, கைக்காசு குறைந்த கிளினிக்குகளுக்கு நல்ல சேதி.

*

தெரபிஸ்ட்டுகளைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பக்கம் ரொம்ப நியாயம் இருக்கிறது. சமூக கிளினிக்குகளில் பலருக்கு, பிள்ளை வந்தால்தான் அந்த மணிக்குக் காசு. ஒரு நாளில் அழுகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை, பேசவே பேசாத பிள்ளை என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, ராத்திரி ஃபைல் எழுத வேண்டும். பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வைத்து, சர்ட்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம், 'அன்றைக்கு நீங்க அந்த இடத்தில் விட்டுட்டீங்களே, அடுத்த வாரம் இப்படிப் பண்ணிப் பாருங்க' என்று சொல்ல ஆள் கிடையாது. கண்ணாடியே இல்லாத வீட்டில் இருப்பவர் தலை கலைந்திருப்பதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

செய்தார்களா என்பது ஒரு கேள்வி, நன்றாகச் செய்தார்களா என்பது இன்னொரு கேள்வி என்பதையும் மறக்கக் கூடாது. பெரியவர்களுக்கான சிகிச்சையில் ஆரன் பெக்கும் ஜெஃப்ரி யங்கும் 1980-லேயே ஒரு மார்க் ஷீட் தயார் செய்தார்கள். 11 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 6 மார்க், மொத்தம் 66. வழக்கமாக 40 வாங்கினால் பாஸ். சதவீதம் போட்டுப் பாருங்கள், 60-க்குக் கொஞ்சம் மேல். நம்ம யூனிவர்சிட்டி கணக்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ்! நான் வாங்காத கிளாஸ்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அளவு எடுப்பதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்று காமர்ஸ் படித்தவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். 'இத்தனை டிக் அடித்தால் இத்தனை போனஸ்' என்று அறிவித்த மறுநாளே டிக்குகள் அமோகமாக விளையும். பையன் மட்டும் வரவேற்பறை அம்மாவிடம் மணி கேட்டிருக்க மாட்டான். அதனால், அளப்பது முதலில் தெரபிஸ்ட்டின் கைக்கு வரும் கண்ணாடியாக இருக்க வேண்டும்; மேலதிகாரியின் கைப்பிரம்பாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

*

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், இருக்கிறது. எந்த ஊரானாலும், ஒரு பிள்ளையை ஆலோசனைக்கு அழைத்துப் போகிறவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க வேண்டியதில்லை. கதவு திறந்ததும் மரியாதையாக மூணு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை உள்ளே அந்தரங்கமாகச் சொன்ன எதையும் கேட்கக் கூடாது. அது பிள்ளையின் சொத்து.

ஒன்று: "இவனுக்கு என்ன முறையில் சிகிச்சை கொடுக்கறீங்க? இந்தப் பிரச்னைக்கு அது பலன் தரும்னு எப்படித் தெரியும்?"

இரண்டு: "இன்னிக்கு உள்ளே எதைப் பழகினீங்க? வீட்டிலே நாங்க என்ன பழகணும்?"

மூன்று: "தேறிட்டு வர்றானா இல்லையான்னு எதை வெச்சுப் பார்க்கறோம்? எத்தனை வாரம் கழிச்சு?"

நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷப்பட்டாலும் படுவார். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் இழுத்தால், அடுத்த வாரமும் கேளுங்கள். அதற்கு அடுத்த வாரமும். யாரோ கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், எண்ணாமல் எழுதுவது தானாகக் குறையும். ஐம்பது நிமிஷத்தில் ஒரு அஞ்சு நிமிஷமாவது பையனை வரவேற்பறைப் பக்கம் அனுப்பிப் பார்ப்பார்கள். அவனும் காது சிவக்கச் சிவக்கப் போய், "இப்ப மணி என்ன?" என்று கேட்டுவிட்டு வருவான்.